ஒளி தங்கும் நேரம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இலக்கியச் சொற்பொழிவும், பட்டிமன்றமும், பிள்ளைகளின் ஆடல் பாடலும் நடைபெறுதல் நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அறிவியல் பற்றியும் சில சொற்கள் பேசப்பட வேண்டும் என்று செயற்குழுவினர் விரும்பினர். அப்பணியைப் புகைவண்டி அலுவலக எழுத்தர்களாகிய எங்களிடம் ஒப்படைத்தனர். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு பணிக்கு வந்தவர்கள் நாங்கள். 'இவர்கள் அறிவியல் பேசலாமா?' என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வையத்திற்கு ஒரு விடை உண்டு. வண்டிகள் வந்த நேரம், நின்ற நேரம், புறப்பட்ட நேரம் ஆகியவற்றைக் கணக்கெடுத்துப் படிவங்களில் நிரப்புவது எங்கள் அலுவல்களுள் ஒன்று. இன்று நாம் பேசப் புகும் அறிவியலும் வருகை, தங்கல், புறப்பாடு என்னும் மூன்றையும் பற்றியதே. அங்கே வண்டி, இங்கே ஒளி. அங்கே நிலையம், இங்கே கண்ணுக்குப் புலப்படாத ஒரு மூலக்கூறு.

ஒளி ஒரு பொருளினுள் புகுந்தபின் அங்கே எவ்வளவு நேரம் தங்குகின்றது? அந்நேரத்துள் நிகழ்வன யாவை? அவற்றை அறிவதனால் மக்களுக்கு விளையும் பயன் யாது? இம்மூன்று வினாக்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்வோம்.

பயணச்சீட்டு வழங்கும் இடங்களிலும் வங்கிகளிலும் பணத்தாள்களை ஒரு விளக்கின்கீழ் வைத்துப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்விளக்கு உமிழ்வது பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர். ஆயினும் நல்ல தாளின் எண்கள் அதன்கீழ் பளிச்சென்று மின்னுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும் மை அங்கே பூசப்பட்டிருக்கின்றது. இங்ஙனம் ஒருவகை ஒளியை ஏற்று வேறுவகை ஒளியை உமிழும் பண்பிற்கு ஒளிர்தல் என்று பெயர். 1852ஆம் ஆண்டில் அயர்லாந்தில் பிறந்த அறிஞர் ஸ்டோக்ஸ் என்பார் இதனை விரிவாக ஆராய்ந்து, திரும்பி வரும் ஒளி பொதுவாக ஏற்ற ஒளியைவிட ஆற்றலில் குறைந்ததாகவே இருக்கும் என்று காட்டினார். ஊதாவை வாங்கி நீலத்தைக் கொடுக்கலாம். நீலத்தை வாங்கிச் சிவப்பைக் கொடுக்கலாம். வாங்கியதில் ஒரு பகுதி உள்ளேயே வெப்பமாகக் கழிந்துவிடுகின்றது என்பது இதன் பொருள்.

இதனை விலையுயர்ந்த கருவியின்றி நம் குடியிருப்பிலேயே கண்ணாரக் காணலாம். சென்ற கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் சேர்ந்து நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். ஒரு கைப்பிடி முருங்கை இலையை நன்றாக இடித்து, மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் சிறிது நேரம் ஊறவைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினோம். கண்ணாடிக் குவளையில் பச்சை நிறச் சாறு நின்றது. அறையை இருட்டாக்கி, பணத்தாள் பார்க்கும் சிறு ஊதா விளக்கின் ஒளியை அதில் பாய்ச்சினோம். பச்சைச் சாறு குருதிபோலச் சிவந்து ஒளிர்ந்தது! பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரத்தில் அண்டை வீட்டார் அனைவரும் கூடிவிட்டனர். (ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அடுப்பு, விளக்குச்சுடர் ஆகியவற்றின் அருகே இதனைச் செய்யலாகாது. விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடிப்பதும் கூடாது. பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.) ஸ்காட்லாந்து அறிஞர் புரூஸ்டர் என்பார் 1830களில், இலைச்சாற்றினூடே வெண்ணிற ஒளியைச் செலுத்தி இச்செந்நிறத்தைக் கண்டு வியந்தார். அவர் கண்ட அதே காட்சியை நெய்யாற்றின்கரையின் ஒரு வீட்டு அறையில் நாமும் காண முடிகின்றது.

அச்சாற்றில் இருப்பது பச்சையம். பச்சையத்தின் வடிவம் விந்தையானது. கரியும் நைதரசனும் சேர்ந்த ஒரு வளையம். அதன் நடுவே மக்னீசியம் என்னும் உலோகத்தின் ஒரே ஓர் அணு. இவ்வாறு ஓர் உலோக அணுவைப் பிற அணுத்தொகுதிகள் சூழ்ந்து பற்றிக்கொண்டிருக்கும் பொருள்களை அணைவுச் சேர்மங்கள் என்பர். நடுவே அமர்ந்த வீட்டுத் தலைவரைச் சுற்றத்தார் சூழ்ந்திருப்பது போன்றது அது. இத்தகைய சேர்மங்களின் அமைப்பை விளக்கியதற்காக ஆல்பிரட் வெர்னர் என்பார்க்கு 1913ஆம் ஆண்டின் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி ஒரு வியப்பைக் கேளுங்கள். நம் குருதியின் செந்நிறத்திற்குக் காரணமான பொருளிலும் ஏறக்குறைய இதே வளையம் இருக்கின்றது. நடுவே இருக்கும் உலோகம் மட்டும் வேறு. அங்கே மக்னீசியம், இங்கே இரும்பு. முருங்கை இலையும் நம் குருதியும் உறவினர் என்று சொன்னால் அது மிகையன்று. ஆயினும் இலைச்சாறு ஒளிர்கின்றது, குருதி ஒளிர்வதில்லை. வளையம் ஏறக்குறைய ஒன்றாக இருக்க, ஒன்று ஒளியைத் திருப்பிக் கொடுப்பதும் மற்றொன்று விழுங்கிவிடுவதும் ஏன்? இவ்வினாவே நம் பேச்சின் நடுநாயகம்.

நடுவிலிருக்கும் உலோகத்தின் வலிமையைத் தாய்மார்கள் அடுக்களையில் நாள்தோறும் காண்கின்றனர். கீரையைப் புளி சேர்த்து வேகவைத்தால் அதன் பசுமை மங்கிப் பழுப்பேறுகின்றது. புளியின் அமிலம் வளையத்தின் நடுவிலிருந்த மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதே அதற்குக் காரணம். அவ்விடத்தில் செம்பு வந்து அமர்ந்தால் பசுமை மீண்டும் பளிச்சென்று தோன்றும். ஆனால் ஒளிரும் தன்மை ஏறக்குறைய அழிந்துவிடும். ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்தில் ஊறுகாயைப் பச்சை மாறாமல் வைத்திருக்கும் பழைய தந்திரம் இதுவே. அவ்வூறுகாய் உடலுக்குத் தீங்கானது என்பதையும் இங்கே நினைவூட்டுகின்றோம். ஆகவே, ஒளியின் கதியைத் தீர்மானிப்பதில் உலோகத்தின் பங்கு பெரிது என்பது தெளிவு.

ஒளி வந்து மோதும்போது மூலக்கூறில் என்ன நிகழ்கின்றது? அதிலுள்ள எலெக்ட்ரான் ஒன்று ஒளியின் ஆற்றலைப் பெற்று மேல்நிலைக்குத் தாவுகின்றது. அந்நிலையைக் கிளர்வுற்ற நிலை என்பர். அது நிலையாக இருக்கும் இடமன்று. வண்டி நிலையத்தில் நிற்பதுபோன்ற ஒரு தங்கல். அங்கிருந்து அது மூன்று வழிகளில் புறப்படலாம். முதலாவது, பெற்ற ஆற்றலை ஒளியாக உமிழ்தல்; இதுவே ஒளிர்தல். இரண்டாவது, வெப்பமாக உதறிவிடுதல். அதனால் எவர்க்கும் பயனில்லை. மூன்றாவது, அருகிலுள்ள மற்றொரு பொருளுக்கு ஆற்றலையோ எலெக்ட்ரானையோ கொடுத்து ஒரு வேலையைச் செய்வித்தல். உலகத்து உயிர்களுக்கெல்லாம் உணவளிப்பது இம்மூன்றாவது வழியே.

உயிருள்ள இலையில் பச்சையம் பெற்ற ஆற்றல் மிக விரைவாகக் கைமாறி உணவாக்கும் வேலைக்குச் சென்றுவிடுகின்றது. ஆதலின் இலை உமிழும் செவ்வொளி ஏற்ற ஒளியில் நூற்றுக்கு ஓரிரண்டு பங்கே. அதே பச்சையத்தை ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டால் ஆற்றலை வாங்கிக்கொள்ள அருகில் எவருமில்லை. இறங்க வேண்டிய பயணிகள் இறங்காமலே வண்டி புறப்படுகின்றது. ஆற்றலின் ஒரு பெரும் பங்கு செவ்வொளியாகத் திரும்பி வருகின்றது. நாம் குவளையில் கண்ட அழகு, வேலையிழந்த பச்சையத்தின் அழகே.

அத்தங்கல் எவ்வளவு நேரம்? கரைசலில் உள்ள பச்சையத்திற்கு ஏறத்தாழ 5 நானோ வினாடி. நானோ வினாடி என்பது ஒரு வினாடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறு. அதனை ஆயிரமாகப் பகுத்தால் பிகோ வினாடி. மேலும் ஆயிரமாகப் பகுத்தால் பெம்டோ வினாடி. நம் முறையில் சொல்வதானால், ஒரு வினாடியைக் கோடியால் வகுத்து, வந்த ஈவை மீண்டும் கோடியால் வகுத்து, அதனையும் பத்தால் வகுத்தால் கிடைப்பது ஒரு பெம்டோ வினாடி. ஒரு வினாடியின் முன் பெம்டோ வினாடி எத்துணைச் சிறிதோ, ஏறத்தாழ 3 கோடியே 17 இலட்சம் ஆண்டுகளின் முன் ஒரு வினாடி அத்துணைச் சிறிது. குருதியிலுள்ள இரும்பு வளையம் ஒளியின் ஆற்றலைச் சில பிகோ வினாடிக்குள் வெப்பமாக உதறிவிடுகின்றது. ஒளிர்வதற்கு அதற்கு நேரமே வாய்ப்பதில்லை.

இத்துணைச் சிறிய நேரத்தை அளப்பது எங்ஙனம்? எந்தக் கடிகாரத்தாலும் இயலாது. மின்கருவிகளும் இவ்வேகத்திற்கு ஈடுகொடா. ஒளியையே கடிகாரமாகக் கொள்வதுதான் அறிஞர் கண்ட வழி. லேசர் கருவியிலிருந்து மிகக் குறுகிய ஒளித்துடிப்பு ஒன்றை எழுப்பி அதனை இரு கூறாக்குவர். ஒரு கூறு கரைசலில் பாய்ந்து அதனை ஒளிரச் செய்யும். மற்றொரு கூறு வேறு வழியாகச் சுற்றி வரும். கரைசலின் ஒளிர்வும் சுற்றி வந்த துடிப்பும் ஒரு படிகத்தில் சந்திக்கும்படி அமைப்பர். இரண்டும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால் மட்டுமே அப்படிகத்தில் புதிய நிற ஒளியொன்று பிறக்கும். சுற்றுவழியின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், ஒளிர்வு தொடங்கியது முதல் முடியும்வரை ஒவ்வொரு கணத்தையும் தனித்தனியே பார்த்துவிடலாம். ஒரு கண்ணாடியை 15 மைக்ரோமீட்டர் பின்னே நகர்த்தினால், போக்கும் வரவுமாக வழி 30 மைக்ரோமீட்டர் நீளும். அதனைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம் 100 பெம்டோ வினாடி. தலைமயிரின் பருமன் 50 முதல் 100 மைக்ரோமீட்டர்வரை இருக்கும் என்றால், இந்நுட்பத்தின் அருமையை நீங்களே உணரலாம். ஒரே சந்திப்பிலிருந்து புறப்பட்ட இரு வண்டிகள் வெவ்வேறு பாதைகளில் சென்று மற்றொரு சந்திப்பில் ஒன்றையொன்று எதிர்கொள்வது போன்றது இது. பாதையின் நீளம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும் அன்றோ? மூலக்கூறுகளின் மாற்றங்களைப் பெம்டோ வினாடிக் கணக்கில் ஆராய்ந்ததற்காக எகிப்தில் பிறந்த அகமது செவெய்ல் 1999ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றார். அதனினும் ஆயிரம் மடங்கு சிறிய அட்டோ வினாடி அளவில் ஒளித்துடிப்புகளை உண்டாக்கிய மூவர்க்கு 2023இல் அப்பரிசு வழங்கப்பெற்றது.

ஒளி தங்கிச் செல்கின்றதா, தங்காமல் செல்கின்றதா என்னும் வினாவில் நம் நாட்டுக்கும் பெரும்புகழ் உண்டு. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் பணியாற்றிய கே. ஆர். இராமநாதன் என்பார், கல்கத்தாவில் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு மேற்கொண்டார். 1923இல் அவர் திரவங்களினூடே ஒளியைச் செலுத்தியபோது, நிறம் மாறிய மெல்லிய ஒளியொன்று தோன்றக் கண்டார். அழுக்கினால் விளைந்த ஒளிர்வாக இருக்கலாம் என்று திரவத்தைப் பன்முறை தூய்மை செய்தும் அது மறையவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனுடன் இராமன் ஆய்வைத் தொடர்ந்து, அது ஒளிர்வன்று, புதுவகைச் சிதறலே என்று 1928 பிப்ரவரி 28இல் தெளிந்தார். திரவத்தில் ஒளிரும் மூலக்கூறு, ஒளியைத் தாங்கி நிற்கும் நேரத்தில் தானும் சுழன்றுவிடும். அதனால் அது உமிழும் ஒளியின் அதிர்வுத் திசை பெரும்பாலும் குலைந்துபோகும். இராமன் கண்ட ஒளியிலோ அத்திசை பெரிதும் காக்கப்பட்டிருந்தது. அஃதாவது, அவ்வொளி அங்கே தங்கவேயில்லை. நில்லாமற் செல்லும் விரைவு வண்டி அது. தங்கிச் செல்வது ஒளிர்வு. தங்காமற் செல்வது இராமன் சிதறல்.

இனி, தங்கும் வண்டிகளுள் இரண்டினை ஒப்பிட்டுப் பார்ப்போம். ருத்தேனியம் என்பது பிளாட்டினத்தின் இனத்தைச் சேர்ந்த அரிய உலோகம். இரும்பு எங்கும் கிடைப்பது. தனிம அட்டவணையில் இரும்பிற்கு நேர்கீழே ருத்தேனியம் இருக்கின்றது. இரண்டும் ஒரே குடும்பத்தின் அண்ணனும் தம்பியும் எனலாம். பைபிரிடின் என்னும் கரிமப் பொருள் மூன்று, ருத்தேனியத்தைச் சூழ்ந்தால் ஒரு செம்மஞ்சள் சேர்மம் கிடைக்கும். அதே மூன்று இரும்பினைச் சூழ்ந்தால் செந்நிறச் சேர்மம் கிடைக்கும். இரண்டும் நீரில் கரையும். இரண்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நன்றாக ஏற்கும். இரண்டிலும் ஒளி பட்டவுடன் நடுவிலுள்ள உலோகத்தின் எலெக்ட்ரான் ஒன்று சுற்றத்தாரிடம் தாவுகின்றது. இதுவரை வேற்றுமையில்லை.

அடுத்த கணமே வேற்றுமை தொடங்குகின்றது. ருத்தேனியச் சேர்மத்தில், தாவிய எலெக்ட்ரானின் சுழற்சி 40 பெம்டோ வினாடிக்குள்ளாகவே திரும்பிவிடுகின்றது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மஜீத் ஷெர்கி என்பாரின் குழுவினர் 2006இல் ஒளிர்வையே கொண்டு இதனை அளந்தனர். சுழற்சி திரும்பிவிட்டபின் பழைய நிலைக்கு மீள்வது எளிதன்று. ஆதலின் அது ஏறத்தாழ 600 நானோ வினாடி அங்கேயே தங்கிப் பின்னரே செம்மஞ்சள் ஒளியை உமிழ்கின்றது. இரும்புச் சேர்மத்திலோ, இரும்பிற்குள்ளேயே தாழ்ந்த நிலைகள் சில வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன. தாவிய எலெக்ட்ரான் 150 பெம்டோ வினாடி அளவில் அக்குழியில் வீழ்ந்துவிடுகின்றது. அக்குழியில் விழுந்த ஆற்றல் ஒளியாவதுமில்லை. எலெக்ட்ரானைப் பிறர்க்கு ஈயும் வலிமையும் அதற்கில்லை. இறுதியில் வெப்பமாகக் கழிகின்றது.

இவை கரைசலில் நிகழ்வன என்பதை மறத்தலாகாது. மூலக்கூறைச் சூழ்ந்திருக்கும் நீர் சும்மா இருப்பதில்லை. எலெக்ட்ரான் இடம் மாறியவுடன் நீர் மூலக்கூறுகளும் தம் முகத்தைத் திருப்பிப் புதிய நிலைக்கு ஏற்ப அமைகின்றன. அம்மாற்றத்தின் பெரும்பகுதி ஒரு பிகோ வினாடிக்குள் முடிந்துவிடும். அவ்வாறு அமையும்போது ஒளிர்வின் நிறம் செம்மையின் பக்கமாகச் சிறிது நகர்வதுண்டு. மேலும், கரைசலில் ஒரு மூலக்கூறு மற்றொன்றுக்கு ஆற்றலைக் கொடுக்க வேண்டுமானால் முதலில் அதனைச் சந்திக்க வேண்டும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் உறவினரைத் தேடி அலைவதுபோல, அதற்குச் சில நானோ வினாடியேனும் வேண்டும். 150 பெம்டோ வினாடியில் யாரைச் சந்திப்பது?

எழுத்தர்களுக்குரிய முறையில் கணக்கிட்டுப் பார்த்தோம். பழைய இரும்புச் சேர்மத்தின் அத்தங்கலை ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், இலைச்சாற்றின் பச்சையம் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் தங்கும். ருத்தேனியச் சேர்மம் 46 நாள் தங்கும். பாறசாலையில் ஒரு வினாடி நின்று புறப்படும் வண்டியில் எவர் ஏற முடியும், எவர் இறங்க முடியும்? நாற்பத்தாறு நாள் நிற்கும் வண்டியிலோ ஊரையே குடியேற்றிவிடலாம்.

'இருக்கட்டும், இதனால் நமக்கென்ன?' என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. நம் கூரைகளில் இன்று பொருத்தப்படும் சூரியத் தகடுகள் சிலிக்கனால் ஆனவை. அவற்றில் இச்சேர்மங்களுக்கு இடமில்லை. ஆயினும் 1991இல் ஒரிகன், கிரேட்செல் என்னும் இருவர், அதே லோசான் நகரில், மலிவான வெண்பொடியொன்றின்மேல் ருத்தேனியச் சாயத்தை ஏற்றி, சூரிய ஒளியிலிருந்து 7 விழுக்காட்டிற்கு மேல் மின்னாற்றலைப் பெற்றுக் காட்டினர். சாயத்திலிருந்து எலெக்ட்ரான் பொடிக்கு இறங்கிவிட்டால் மின்னோட்டம் பிறக்கும். அவ்வெண்பொடி எது தெரியுமா? டைட்டானியம் டையாக்சைடு, சுவருக்குப் பூசும் வெள்ளை வண்ணத்தில் சேரும் அதே பொடி. அதற்கு மூலமான இல்மனைட் மணல் நமக்குத் தெற்கே குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும், வடக்கே கொல்லத்தை அடுத்த சவறையிலும் கிடைக்கின்றது. அம்மணலைக் கொண்டு வெண்பொடி செய்வதற்காகவே திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை 1946இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பெற்றது. பொடி நம் கரையில் இருக்கின்றது. கதிரவனும் ஆண்டு முழுதும் குறைவின்றிக் காய்கின்றான். இடையில் வேண்டுவது ஒளியை வாங்கிக் கொடுக்கும் சாயம் ஒன்றே.

சூரிய ஒளியைக் கொண்டு மருந்துப் பொருள்களைச் செய்யவும், நீரைப் பிளந்து எரிபொருள் பெறவும் இச்சேர்மங்கள் உதவக்கூடும் என்று ஆய்வு நடைபெற்று வருகின்றது. இங்கும் ருத்தேனியமும் அதன் இனத்தவையுமே பெரிதும் பயன்படுகின்றன. ருத்தேனியமோ நிலவுலகில் மிக அரிது. கிடைப்பதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலிருந்து வருவது. உலக மக்கள் அனைவர்க்கும் அதனைக் கொண்டு வசதி செய்தல் இயலாது. அரியதைக் கொண்டு சிலர்க்கு உதவுவதா, எளியதைக் கொண்டு அனைவர்க்கும் உதவுவதா என்பதே இங்குள்ள போராட்டம். தண்டவாளமும் அரிவாளும் ஆணியுமாக நம் கையில் புழங்கும் இரும்பினை ருத்தேனியத்தின் இடத்தில் அமர்த்த முடியுமா? அது நிறைவேறினால் ஏழை நாடுகளுக்கு விளையும் நன்மை பெரிது.

முடியும் என்னும் நம்பிக்கை பிறந்திருக்கின்றது. சுவீடன் நாட்டின் லுண்டு பல்கலைக்கழகத்தில் கென்னத் வார்ன்மார்க் முதலியோர், இரும்பைச் சூழும் சுற்றத்தாரை மாற்றினர். இரும்பினை இறுகப் பற்றும் கார்பீன் என்னும் தொகுதிகளைச் சூழ வைத்து, எலெக்ட்ரான் வீழும் குழிகளை மேலே தள்ளினர். 2017இல் அவர்கள் செய்த இரும்புச் சேர்மம் அறை வெப்பத்தில் கரைசலில் ஒளிர்ந்தது. 100 பிகோ வினாடி தங்கியது. அடுத்து அவர்கள் செய்த சேர்மம் 2 நானோ வினாடி தங்கியது. அம்முடிவு 2019இல் வெளியாயிற்று. முன்சொன்ன கணக்கின்படி, ஒரு வினாடியே நின்ற இரும்பு வண்டி இப்பொழுது மூன்றரை மணி நேரத்திற்கு மேல் நிற்கின்றது. கரைசலில் மற்றொரு மூலக்கூறைச் சந்தித்து எலெக்ட்ரானைக் கைமாற்ற இது போதும் என்பதையும் அவர்கள் காட்டியுள்ளனர். ருத்தேனியத்தின் 46 நாளை எட்ட இன்னும் நெடுந்தொலைவு உண்டு. எனினும் இயலாது என்று கருதப்பட்ட ஒன்று இயன்றுவிட்டது. உலோகம் மாறவில்லை, அதனைச் சூழ்ந்தோர் மாறினர். இரும்பின் குணமும் மாறிற்று.

இவ்வாய்வுகள் வெளிநாட்டில் மட்டுமே நடைபெறுகின்றன என்று எண்ண வேண்டா. சென்னைத் தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இத்தகைய நேரங்களை அளப்பதற்கென்றே அமைந்தது. அதனை உருவாக்குவதில் முன்னின்ற பேராசிரியர் ப. நடராசன், உலோக அணைவுச் சேர்மங்களின்மேல் ஒளி செய்யும் வேலையை ஆராய்ந்து 1984இல் பட்நாகர் பரிசு பெற்றவர், 2016இல் மறைந்தார். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருஞ்சாலையில் பாப்பனங்கோட்டைக் கடந்து எத்தனை முறை பேருந்தில் சென்றிருக்கின்றோம்! அங்கே உள்ள தேசிய ஆய்வு நிலையம் 1975இல் தொடங்கப்பெற்றது. பேராசிரியர் எம். வி. ஜார்ஜ் என்பார் வித்திட்ட ஒளிவேதியியல் ஆய்வு அங்கே தழைத்தது. 2008இல் தொடங்கப்பெற்று இப்போது விதுரையில் இயங்கும் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனத்திலும் ஒளிவேதியியல் ஆய்வுகள் நடைபெறுகின்றன. பாறசாலையிலிருந்தும் தனுவச்சபுரத்திலிருந்தும் காலை வண்டியேறிச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இவை எட்டாத இடங்கள் அல்ல.

1956 நவம்பர் முதல் நாளில் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு அப்பாலும் நெய்யாற்றின்கரை இப்பாலும் ஆயின. களியக்காவிளையைக் கடந்தால் பலகைகளின் எழுத்து மாறுகின்றது; பாடநூலின் மொழியும் மாறுகின்றது. நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் தமிழில் படிக்கின்றனர், சிலர் மலையாளத்தில், சிலர் ஆங்கிலத்தில். பத்தாம் வகுப்பு முடிந்தவுடன், 'அறிவியல் கடினம். விரைவில் ஒரு வேலை கிடைத்தால் போதும்' என்று பெற்றோர் முடிவு செய்துவிடுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். வறுமையும் கடனும் அவர்களை அவ்வாறு முடிவு செய்ய வைக்கின்றன; அவர்களைக் குறை கூறுதல் எங்கள் நோக்கமன்று. எங்கள் படிப்பும் அவ்வாறே முடிந்தது. ஆயினும் ஒன்று சொல்வோம். ஒளியைத் தாங்கி நிற்க ஒரு கணம் கூடுதலாகக் கிடைத்ததனால் இரும்பு பயனுள்ளதாயிற்று. பிள்ளைகளுக்கும் பள்ளியில் இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாகத் தங்கும் வாய்ப்பை நாம் தேடிக் கொடுக்க வேண்டும். ஒரு குடும்பத்தால் இயலாவிடின் சங்கம் துணை நிற்கலாம். புத்தகம் வாங்கித் தரலாம். மேல்வகுப்பில் படிக்கும் பிள்ளை கீழ்வகுப்புப் பிள்ளைக்கு மாலையில் சொல்லித் தரலாம். இதற்கு வேண்டிய பொருட்செலவு மிகுதியன்று.

இதன் தொடக்கமாக, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டிடத்தில் முருங்கை இலைச் சாற்றின் ஒளிர்வைப் பிள்ளைகளே எல்லார்க்கும் செய்து காட்டுவர். பெற்றோர் தவறாது வருகை தருமாறு வேண்டுகின்றோம். செந்நிறம் தோன்றியவுடன், 'இது ஏன்?' என்று பிள்ளைகள் கேட்பர். விடை தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிடின் அவர்களுடன் சேர்ந்து தேடுங்கள்.